அந்த நாலு பேர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன் நான். அண்மைக் காலமாகத் தங்கள் செய்திகளில் அடிக்கடி தென்படும் ஒரு வழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ‘இணையத்தில் பெரும் வரவேற்பு’, ‘கொந்தளிக்கும் நெட்டிசன்கள்’, ‘குவியும் ஆதரவு’ என்று தலைப்பு வருகிறது. ஆவலோடு உள்ளே போனால், ஒரு ஹேஷ்டேக் சில மணி நேரம் ட்ரெண்டிங்கில் முதலிடத்தில் இருந்தது என்ற தகவலும், அதை ஒட்டி எடுத்துப் போட்ட நான்கைந்து பதிவுகளும்தான் இருக்கின்றன. வரவேற்றவர்கள் யார், கொந்தளித்தவர்கள் யார், அவர்களில் தாமாக வந்தவர் எத்தனை பேர், யாரோ கூலி கொடுத்துக் கூட்டி வந்தவர் எத்தனை பேர் என்று செய்தியாளர் விசாரித்ததற்கான தடயமே இல்லை. தலைகளை எண்ணியதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். பணிக்காலத்தில் ஆறு ஆண்டுகள் ஒரு வார இதழின் அலுவலகத்தில் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படித்து, தேறுபவற்றை மட்டும் உதவி ஆசிரியரின் மேசைக்கு அனுப்பி வைக்கும் வேலையைப் பார்த்தவன் நான். ஒரு நாள் வந்த தபாலில், அப்போது சர்ச்சைக்குள்ளாகியிருந்த ஓர் ஆலை விரிவாக்கத்தை ஆதரித்துப் பதினொரு கடிதங்கள் இருந்தன. கையெழுத்து பதினொன்றும் வேறுவேறு. மையின் நிறமும் வேறு. சில கோடு போட்ட தாளில், சில வெள்ளைத் தாளில். முதல் நான்கைப் படித்து முடிக்கும் வரை எனக்கு எந்த ஐயமும் எழவில்லை. ஐந்தாவதில்தான் கண் இடறியது. ‘ஏகோபித்த ஆதரவு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஏகோப்பித்த ஆதரவு’ என்று ஒரு ‘ப்’ மிகுந்திருந்தது. முந்தைய நான்கையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் அதே ‘ப்’. மிச்சம் ஆறிலும் அதே ‘ப்’. ‘முயற்சி’யை ‘முயற்ச்சி’ என்று எழுதியிருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன், அது நம் எல்லோருக்கும் பொதுவான பிழை. ஆனால் ஏகோபித்த என்ற சொல்லைப் பதினொரு பேர் ஏகோபித்துத் தவறாக எழுதுவது நடக்கிற காரியமா? போதாக்குறைக்கு, ஒரு கடிதத்தின் அடியில் எழுதியவர் தம் பெயரை எழுத மறந்து, ‘இப்படிக்கு, (பெயர், ஊர்)’ என்று மாதிரித் தாளில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதி அனுப்பிவிட்டிருந்தார்.

பெருமிதத்தோடு அந்தக் கட்டைக் குப்பைக் கூடையில் போட்டேன். போட்டதில் பன்னிரண்டாவதாக ஒன்றும் இருந்தது. அதுவும் அதே விரிவாக்கத்தை ஆதரித்த கடிதம்தான், அதே நாளில் வந்ததுதான்; முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, இதுவும் அந்தக் கூட்டம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதை எழுதியவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. இதழில் வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது படித்தீர்களா என்பதை மட்டும் தெரிவித்தால் போதும் என்று கேட்டிருந்தார். அவரை எவரும் எழுதச் சொல்லவில்லை என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. கூலிக்கு எழுதுகிறவன் தன் கடிதம் படிக்கப்பட்டதா என்று மூன்று வாரம் காத்திருந்து கேட்க மாட்டான். நான் அவருக்குப் பதில் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

போலி ஆதரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அது எதிர்த்தரப்புக்கு இழைக்கும் அநீதியைத்தான் சொல்வார்கள். அதே பக்கத்தில் உண்மையாகவே நிற்கும் மனிதனை அது எப்படி விழுங்கிவிடுகிறது என்பதை நான் அந்தப் பன்னிரண்டாவது கடிதத்தில் பார்த்தேன். தங்களிடம் நான் சொல்ல வந்ததும் இதுதான்.

இந்த வித்தை ஏன் பலிக்கிறது என்பதற்கு நம் பேச்சிலேயே விடை இருக்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று கேட்டுத்தான் நாம் பல முடிவுகளை எடுக்கிறோம். ‘நாலு பேருக்கு நல்லது என்றால்’ என்று சொல்லித்தான் பலவற்றை ஏற்றுக்கொள்கிறோம். அது கோழைத்தனம் என்று நான் கருதவில்லை. எல்லாவற்றையும் தானே ஆராய்ந்து தெளிய எவருக்கும் நேரமில்லாதபோது, பலர் போய் நன்மை கண்ட வழியில் போவது விவேகம்தான். அந்த நாலு பேரையும் ஒருவரே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். கூலிக்கு மாரடிப்பது என்று நாம் சொல்வதில் ஓர் ஏளனம் உண்டு. ஆனால் அங்கே மாரடிப்பவர் கூலிக்கு வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்வதுதான் இன்றைய தொழில்.

தொழில் என்னவோ பழையது. ரோமப் பேரரசன் நீரோ மேடையேறிப் பாடியபோது கைதட்டுவதற்கென்றே 5,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பழக்கி வைத்திருந்தான். எப்படித் தட்டுவது என்பதற்குக்கூட வகை பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள்: தேனீக்களின் ரீங்காரம் போல ஒன்று, கூரை ஓட்டின் பெயரால் ஒன்று, செங்கல்லின் பெயரால் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரின் நாடக அரங்குகளில் இதுவே முறையான ஒப்பந்த வேலையாகிவிட்டது; 1820-இல் இதற்கென ஒரு முகவர் நிலையமே இருந்தது. நகைச்சுவை வந்தால் சிரிக்க ஓர் ஆள், சோகக் காட்சியில் கைக்குட்டையை எடுத்து அழ ஓர் ஆள், ‘மறுபடியும்’ என்று கூவ ஓர் ஆள் என்று வேலைப் பிரிவினை இருந்தது. இன்று இணையத்தில் லைக் போட ஒரு கணக்கு, கண்ணீர் வடிக்க ஒரு கணக்கு, பகிர ஒரு கணக்கு என்று நடப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பாரிஸ்காரர்களுக்கு நம்மிடம் கற்றுக்கொள்ள அதிகம் இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘ஆஸ்ட்ரோடர்ஃபிங்’. மக்களிடையே தானாக முளைத்து எழும் இயக்கத்தைப் புல்லின் வேர் என்று சொல்வது அந்த மொழியின் வழக்கு. ஆஸ்ட்ரோடர்ஃப் என்பதோ வேரே இல்லாத செயற்கைப் புல்லின் வணிகப் பெயர். 1985-இல் அமெரிக்க செனட்டர் லாய்டு பென்ட்சன், காப்பீட்டு நிறுவனங்களின் நலனுக்காக மலைபோல் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, டெக்சஸ்காரனுக்குப் புல்லின் வேருக்கும் ஆஸ்ட்ரோடர்ஃபுக்கும் வேறுபாடு தெரியும் என்று சொன்னார். டெக்சஸ் அவருடைய மாநிலம்; செயற்கைப் புல்லோடும் அதற்கு உறவு உண்டு. அந்த மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் கட்டிய கூரை மூடிய விளையாட்டரங்கில்தான் 1966-இல் அந்தச் செயற்கைப் புல் புகழ்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் அங்கே இயற்கைப் புல்தான் வளர்த்திருந்தார்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரையின் கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று கூரைக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சமில்லாமல் புல் செத்தது. செத்த புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சை வண்ணம் அடித்து அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். இந்தக் கதை எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், நான் சொல்ல வரும் விஷயத்திலும் வரிசை இதுதான் என்பது. முதலில் உண்மையான குரலுக்கு வெளிச்சம் கிடைக்காமல் போகிறது. போலி அதற்குப் பிறகுதான் வருகிறது.

செயல்முறை எப்படி என்பதைச் சில நிகழ்வுகளால் காட்டுகிறேன். 2001-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மீது ஏகபோக வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, அந்நிறுவனத்தின் மீது கடுமை காட்ட வேண்டாம் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர்களுக்குப் பொதுமக்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. தாள், எழுத்துரு, வாசகம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும்படி கவனமாகத் தயாரித்திருந்தார்கள். ஆனால் யூட்டா மாநிலத்துக்கு வந்த கடிதங்களில் இரண்டு, இறந்துபோனவர்களின் பெயரில் அச்சிடப்பட்டிருந்தன; ஒன்று அந்த மாநிலத்திலேயே இல்லாத ஊரிலிருந்து வந்திருந்தது. நான் பார்த்த ‘(பெயர், ஊர்)’ கடிதத்தின் பெரியண்ணன் அது.

2009-இல் நடந்தது இன்னும் கூச வைப்பது. பருவநிலை மாற்றம் தொடர்பான மசோதா ஒன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு வந்தது. அதை எதிர்க்கும்படி உறுப்பினர்கள் சிலருக்கு, சிறுபான்மையினருக்காக உழைக்கும் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளின் பெயரில் கடிதங்கள் போயின. அந்த அமைப்புகள் உண்மையில் இருந்தன, கடிதங்கள்தான் அவர்களுடையவையல்ல. நிலக்கரித் தொழிலுக்காக வேலை செய்த ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்துக்கு உள்ஒப்பந்தம் எடுத்திருந்த இன்னொரு நிறுவனத்தில், தற்காலிக ஊழியர் ஒருவர் பொய்யாகத் தயாரித்தவை என்று பிற்பாடு சொன்னார்கள். மசோதா 219-க்கு 212 என்ற மிகக் குறுகிய வேறுபாட்டில் நிறைவேறியது. கடிதங்கள் போலி என்ற தகவல் உறுப்பினர்களுக்கு வந்து சேர்ந்ததோ வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான். எல்லா நிகழ்விலும் ஒரு தற்காலிக ஊழியர் எங்கிருந்தோ முளைத்துவிடுவதைத் தாங்களும் கவனித்திருப்பீர்கள்.

நியூ ஆர்லியன்ஸ் நகர நிகழ்வைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே தாள் போய் ஆளே வந்துவிட்டார்கள். ‘என்டர்ஜி’ என்ற மின் நிறுவனம் ஒரு புதிய எரிவாயு மின்நிலையம் கட்ட அனுமதி கேட்டிருந்தது. நகர மன்றம் 2017 அக்டோபரிலும் 2018 பிப்ரவரியிலும் நடத்திய கூட்டங்களுக்கு, ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த ஆதரவாளர்கள் அணிதிரண்டு வந்து உட்கார்ந்தார்கள், கைதட்டினார்கள், எழுந்து பேசினார்கள். அவர்களில் பலர் தொழில்முறை நடிகர்கள் என்பதை உள்ளூர்ச் செய்தி நிறுவனம் ஒன்று 2018 மே மாதம் வெளியிட்டது. வந்து உட்காருவதற்கு 60 டாலர். எழுதிக் கொடுத்ததைப் பேசுவதற்கு 200 டாலர். வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். மின் நிறுவனம் தனக்கு எதுவும் தெரியாது என்றது; தான் அமர்த்திய நிறுவனம் அமர்த்திய நிறுவனம் செய்த வேலை என்றது. நகர மன்றம் 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மின்நிலையத்தையும் அனுமதித்தது.

இதில் என்னை உறுத்துவது அபராதத் தொகையல்ல. அந்தக் கூட்டங்களில் அறை நிரம்பிவிட்டதால், உண்மையாகவே பேச வந்த பொதுமக்களில் சிலர் உள்ளே போக முடியாமல் வெளியே நின்றார்கள். 60 டாலர் வாங்கிக்கொண்டு வந்தவர் ஒரு பொய்யைச் சொன்னது மட்டுமன்றி ஒரு நாற்காலியையும் பிடித்துக்கொண்டார். பொது மேடையில் நாற்காலிகளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. பத்திரிகையில் பத்திகளுக்கு உண்டு. ஓர் அதிகாரி படிக்கக்கூடிய மனுக்களுக்கு உண்டு. வாசகரின் கவனத்துக்கும் உண்டு. போலி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவுடன் அசல் வெளியே தள்ளப்படுகிறது.

இணையத்தில் இதே வேலை எத்தனை மலிவாகிவிடுகிறது என்பதை 2017-ஆம் ஆண்டு காட்டியது. இணையச் சேவை நிறுவனங்கள் எல்லா இணையதளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றி அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. வந்த கருத்துகள் 2.2 கோடிக்கும் மேல். நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் சில ஆண்டுகள் விசாரித்து 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி. விதிகளை நீக்கச் சொன்ன 85 லட்சம் போலிக் கருத்துகளுக்குப் பெரிய இணையச் சேவை நிறுவனங்கள் சேர்ந்து பணம் கொடுத்திருந்தன. ஆதரவு திரட்டித் தரும் வேலைக்கு 42 லட்சம் டாலர் செலவாகியிருந்தது. பரிசுக் கூப்பன், இலவச மாதிரி என்று ஆசை காட்டி மக்களிடம் கருத்து வாங்குவதாக ஒப்புக்கொண்ட நிறுவனங்கள், அந்தச் சிரமம்கூட எதற்கு என்று, ஏற்கெனவே தம்மிடம் இருந்த பெயர், முகவரிப் பட்டியல்களை எடுத்து நிரப்பி அனுப்பிவிட்டன. தங்கள் பெயரில் ஒரு கொள்கைக் கருத்து பதிவாகியிருக்கிறது என்பதே அந்த மக்களுக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கம் மட்டும் சுத்தமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. விதிகளை நீக்கக் கூடாது என்று வந்தவற்றில் 77 லட்சம் கருத்துகளை அனுப்பியவர் ஒரே ஒருவர், 19 வயதுக் கல்லூரி மாணவர். கணினி இட்டுக்கட்டிய பெயர்களில் தனியாகவே செய்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் உண்மையான மக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த மாணவர் அவர்களுக்கு உதவியதாக நினைத்து அவர்கள் அத்தனை பேர் மீதும் சந்தேகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டார். விசாரணையின் முடிவில் கருத்துகளைத் தயாரித்த மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 44 லட்சம் டாலர் கட்டின. பணம் கொடுத்த பெரிய நிறுவனங்களுக்கு இந்த மோசடி நேரடியாகத் தெரிந்திருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இடையில் அத்தனை ஒப்பந்தக்காரர்களை அடுக்கி வைப்பதே இந்தத் தெரியாமைக்காகத்தான் என்பது என் கருத்து.

சந்தையில் நடப்பதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதை எல்லோரும் ஓரளவு அறிவார்கள். பொருள் வாங்கும் முன் ஐந்து நட்சத்திரங்களைப் பார்த்து முகம் சுளிக்காதவர் இன்று யார்? ஆனாலும் அது மேலிடத்திலிருந்தே உத்தரவாக வரும் என்று பலர் நினைப்பதில்லை. ‘சண்டே ரைலி’ என்ற அழகுப்பொருள் நிறுவனத்தில், ஊழியர்கள் வெவ்வேறு பெயர்களில் கணக்குகள் தொடங்கி நல்ல விமர்சனம் எழுத வேண்டும், குறை சொல்லும் விமர்சனங்களுக்கு எதிர் வாக்குப் போட வேண்டும், அலுவலகக் கணினி என்பது வெளியே தெரியாமலிருக்க வி.பி.என். பயன்படுத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லப்பட்டிருந்ததை அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019-இல் வெளிப்படுத்தியது. அபராதம் எதுவும் விதிக்கவில்லை. இனிமேல் செய்யாதே என்றது. தைவானில் சாம்சங் நிறுவனம், மாணவர்களைக் கூலிக்கு வைத்து எச்.டி.சி. கைபேசிகளைக் குறை கூறி எழுத வைத்ததற்காக 2013-இல் ஒரு கோடி தைவான் டாலர் அபராதம் கட்டியது. போலி விமர்சனங்களைத் தயாரிப்பதையும் விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் தனி விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

அரசுகள் இதைக் கையில் எடுக்கும்போது கூலிக்காரர்களைத் தேடி வெளியே போக வேண்டியதுகூட இல்லை. தென்கொரியாவில் 2012 அதிபர் தேர்தலையொட்டி, உளவு அமைப்பின் ஊழியர்களே சாதாரணக் குடிமக்கள் போல இணையத்தில் கருத்து எழுதினார்கள். அந்த அமைப்பின் முன்னாள் தலைவருக்கு விதித்த நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. சீனாவில் ஒரு மாவட்ட அலுவலகத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல்களை வைத்து மூன்று ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அரசுத் தரப்பிலிருந்து ஆண்டுக்கு சுமார் 44.8 கோடிப் பதிவுகள் குடிமக்களின் பதிவுகள் போல இடப்படுகின்றன என்று மதிப்பிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள். எண்ணைவிட எனக்கு வியப்பளித்தது அவர்கள் எழுதிய முறை: யாரோடும் வாதாடவில்லை, அரசைக் குறை கூறியவருக்குப் பதிலே சொல்லவில்லை. பேச்சு சூடுபிடிக்கும் நேரம் பார்த்து, நாட்டின் பெருமை, தியாகிகளின் புகழ் என்று வேறு எதையாவது மொத்தமாகக் கொட்டிப் பேச்சையே திசை திருப்பிவிட்டார்கள். எதிராளியை வெல்வது தேவையில்லை, அவர் பேச்சு காதில் விழாமல் செய்தால் போதும் என்பதைப் புரிந்துகொண்டவர்களின் வேலை அது.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் சொல்லாவிட்டால் என் கடிதமே தீங்காகிவிடும். திரட்டி வந்த கூட்டம் எல்லாம் போலிக் கூட்டமல்ல. தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களை வண்டி வைத்து அழைத்து வருகிறது. நுகர்வோர் அமைப்பு ஒரு மாதிரி மனுவை அச்சிட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. தனக்கு எழுத வராத ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதி அனுப்புகிறார். வாசகம் ஒன்றாக இருப்பதால் இவர்கள் போலியாகிவிட மாட்டார்கள். கருத்து அவர்களுடையது, பெயர் அவர்களுடையது, அழைத்தவர் யார் என்பது வெளிப்படை. இந்த மூன்றில் எது பொய்யாக இருந்தாலும் அது போலிதான். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பிடிக்காத போராட்டம் எதுவானாலும் ‘காசு வாங்கிக்கொண்டு வந்த கூட்டம்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது இன்று அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மிக எளிதாகிவிட்டது. அந்தச் சொல் எடுபடுவதற்குக் காரணம், உண்மையிலேயே காசு வாங்கிக்கொண்டு வந்த கூட்டங்களை மக்கள் பார்த்திருப்பதுதான். கூலிக்கு ஆள் சேர்த்தவரும், உண்மையாக வந்தவரைக் கூலியாள் என்பவரும் பல நேரங்களில் ஒரே தரப்பாக இருப்பதைக் காண்கிறோம்.

என்னுடைய ‘ப்’ உத்தி இனிமேல் செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே நிமிடத்தில் ஒரே வாசகத்தை இட்ட கணக்குகள், நேற்றுத் தொடங்கிய கணக்குகள், அலுவலக நேரத்தில் மட்டும் ஆவேசப்படும் கணக்குகள் என்று அடையாளங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் இதுவரை ஓரளவு கண்டுபிடித்து வந்தார்கள். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒரே கருத்தை ஆயிரம் பேர் எழுதியதுபோல் எழுதித் தரச் சொன்னால், ஒருவருக்கு ஒருவர் நடை மாறி, வயது மாறி, வேண்டுமானால் ஆளுக்கொரு எழுத்துப் பிழையோடும் நொடியில் எழுதித் தந்துவிடும். என் பழைய மேசையில் இன்று உட்கார்ந்தால் பதினொன்றையும் நான் உதவி ஆசிரியருக்கு அனுப்பி வைத்திருப்பேன். ஆகவே எழுத்தை உற்றுப் பார்த்து அசலையும் போலியையும் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு, எழுதியவரையும் அவருக்குப் பின்னால் இருப்பவரையும் விசாரிக்கும் பழைய வழிக்கே பத்திரிகைகள் திரும்ப வேண்டியிருக்கிறது.

தங்களிடம் நான் வேண்டுவது இவைதான். ட்ரெண்டிங் எண்ணிக்கையை மக்கள் கருத்து என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எழுதியே ஆக வேண்டுமானால், அந்தப் பதிவுகளில் பத்துப் பேரையாவது செய்தியாளர் தொடர்புகொண்டு பேசிய பிறகு எழுதட்டும். பத்தில் எட்டுப் பேர் கிடைக்கவே இல்லை என்றால், அதுவே அன்றைய செய்தி. ‘குடிமக்கள் கூட்டமைப்பு’, ‘நுகர்வோர் பேரவை’ என்ற பெயர்களில் அறிக்கை வரும்போது, அந்த அமைப்பு எப்போது தொடங்கியது, யாருடைய பணத்தில் நடக்கிறது என்பதை ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். கேட்டும் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்பதை வெளியிடுங்கள். 1993-இல் அமெரிக்காவில் புகைப்பவர்களின் உரிமைக்கென்று தொடங்கிய தேசியக் கூட்டணி ஒன்று, பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தின் பணத்தில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் உருவாக்கியது. அதன் அறிக்கைகளின் அடியில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் வாசகருக்கு வேறு விளக்கமே வேண்டியிருக்காது. போலியை அம்பலப்படுத்தும் செய்தியிலும், எத்தனை பேர் போலி, எத்தனை பேர் உண்மையானவர்கள் என்று இரண்டையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது எண்ணை எழுதாமல் விடுவது, நான் பன்னிரண்டாவது கடிதத்துக்குச் செய்ததைத்தான் மறுபடி செய்வதாகும்.

வாசகர் கடிதப் பகுதிக்கு வருபவர்களிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: இதை எழுதும்படி தங்களை யாராவது கேட்டுக்கொண்டார்களா? இந்த விஷயத்தில் தங்களுக்குப் பண ஆதாயம் உண்டா? பொய் சொல்பவர் சொல்லிவிட்டுப் போவார் என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் கேட்ட பிறகு சொல்லும் பொய்க்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது, கேட்காதபோது அதுவும் இல்லை.

இவ்விரு கேள்விகளுக்கும் என் பதிலை முதலிலேயே தந்துவிடுகிறேன். என்னை எவரும் எழுதச் சொல்லவில்லை. இதில் எனக்கு வரும்படி ஏதுமில்லை. மின் நிறுவனத்திலோ இணைய நிறுவனத்திலோ பங்கு கிடையாது. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். அவற்றை வெளியிட வேண்டாம். சரிபார்க்க அழைப்பதானால் காலை பத்து மணிக்கு மேல் அழையுங்கள், அதற்கு முன் நான் நடைப்பயிற்சிக்குப் போயிருப்பேன். இந்தக் கடிதம் வெளியாகாவிட்டால் வருத்தமில்லை. யாராவது படித்தீர்களா என்று மட்டும் ஒரு வரி தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பழைய கடிதம் பிரிப்பவன்